நாற்பத்தேழு எழுதிய ஒரே ஆள்

மாடியில் துப்பறியும் அலுவலகம், கீழே பல் மருத்துவமனை. அழுகைச் சத்தம் கேட்டால் அது கீழேயிருந்துதான் வரும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது மாடியிலேயே கேட்டது. அழுதவளுக்கு முப்பத்துநாலு வயது. கூரியர் அலுவலகம் ஒன்றில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை. எழுத்துத் தேர்வொன்றில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டதற்காக அழுதுகொண்டிருந்தாள்.

அலுவலகத்தை நடத்துகிறவருக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் நிதானம். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருஷம் பொய்யையும் மெய்யையும் பிரித்துக்கொண்டிருந்தவர். தீப்பிடித்த வீட்டுக்குள் போவதாக இருந்தாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் போவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். உதவியாளன் அவருடைய மனைவியின் தம்பி. அவனுக்கு வைத்த பெயர் அவசரம். எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் அவர்களையே சந்தேகப்பட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பான்.

அந்தப் பெண் கையிலிருந்த கடிதத்தை நிதானம் இரண்டு முறை படித்தார். குடிநீர் வாரியத்தில் ஒரே ஒரு எழுத்தர் பணியிடம். அதற்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் தேர்வு எழுதியிருந்தார்கள். எல்லாமே எழுத்துக்கு எண், எண்ணுக்கு எழுத்து என்று மூளையைக் கசக்கும் கேள்விகள். விடையைத் தனித் தாளில் கட்டத்துக்குள் எழுத வேண்டும். வாரியம் மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான், முப்பத்தேழாவது கேள்விக்கான தங்கள் விடைக்குறிப்பே தவறு என்பதைக் கண்டுபிடித்தது. சரியான விடை 43. விடைக்குறிப்பில் இருந்ததோ 47. கேள்வியைப் புரிந்து போட்டவர்கள் அத்தனை பேரும் 43 எழுதியிருந்தார்கள். ஒரே ஒருத்தி மட்டும் 47 எழுதியிருந்தாள்.

விடைக்குறிப்பை முன்கூட்டியே பார்க்காத எவருக்கும் அந்தத் தவறான விடை வரவே வராது என்பது வாரியத்தின் வாதம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. தகுந்த விளக்கம் தராவிட்டால் பெயர் நீக்கப்படும். இனி எந்த அரசுத் தேர்வும் எழுத முடியாது. துணைக்கு இருவரை அழைத்து வரலாம் என்று கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியிருந்தார்கள்.

"கடிதம் வந்து எட்டு நாள் ஆச்சு சார்," என்றாள் அவள். "கூரியர் ஆபீஸ்லயும் தெரிஞ்சுபோச்சு. திருடின்னு முத்திரை குத்தினா அந்த வேலையும் போயிடும்."

"முப்பத்தேழாவது கேள்வி ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எட்டு நாளாக வேறு எதையும் அவள் நினைக்கவில்லை. LAMP என்பதற்கு ஓர் எண் கொடுத்து, BOOK என்பதற்கு என்ன எண் என்று கேட்டிருந்தார்கள்.

"A ஒண்ணு, B ரெண்டு, அப்படியே Z இருபத்தாறு. L பன்னெண்டு, A ஒண்ணு, M பதிமூணு, P பதினாறு. கூட்டினா நாப்பத்திரண்டு. ஆனா அவங்க LAMP-க்கு நாப்பத்தாறுன்னு போட்டிருந்தாங்க. எழுத்து நாலு, அதனால நாலு கூட்டியிருக்காங்கன்னு புரிஞ்சுது. BOOK-க்கு ரெண்டு, பதினஞ்சு, பதினஞ்சு, பதினொண்ணு. நாப்பத்துமூணு. அதோட நாலு சேத்தா நாப்பத்தேழு."

நிதானம் ஒரு தாளில் கூட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் சில கேள்விகளைக் கேட்டார். எங்கே உட்கார்ந்திருந்தாள் என்றார். கடைசி அறை, கடைசி நாற்காலி; அவள் பதிவெண்தான் 612. வினாத்தாளில் ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்றார். மை கூடுதலாகி எழுத்தெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்தது என்றாள். வாரியத்துக்கு உன் மேல் மட்டும் ஏன் இத்தனை உறுதியான சந்தேகம் என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் அக்கா வீட்டுல இருக்கேன் சார். அந்த வினாத்தாளை அச்சடிச்ச அச்சகத்துல மாமா புரூப் பாக்கறவர், அச்சுப்பிழை திருத்தற வேலை. அங்கதான் அச்சாகுதுன்னு எனக்குத் தெரியாது. மாமா வீட்டுல வேலை விஷயம் பேசவே மாட்டார்."

அவசரம் தன் மச்சானை அர்த்தத்தோடு பார்த்தான். அவள் படியிறங்கியதும் வாயைத் திறந்தான்.

"மச்சான், இது பட்டப்பகல் மாதிரி தெளிவா இருக்கு. மாமா அச்சகத்துல. கொழுந்தியா தேர்வுல. இதுக்கு மேல என்ன துப்பறியணும்?"

"விடைக்குறிப்பு கையில கிடைச்சா, மாப்ளே, நீ நூத்துக்கு நூறு எழுதுவியா?"

"எழுதுவேன்."

"அதான் நீ மாட்டிக்குவே. திருடற அளவுக்கு விவரம் இருக்கறவன் நாலஞ்சு தப்பைப் போட்டுட்டுத்தான் வருவான்," என்றார் நிதானம்.

அன்று மதியமே இருவரும் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். தேர்வு அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவர் என்பது அவருடைய மேஜையைப் பார்த்தாலே தெரிந்தது. பேனாக்கள்கூட உயர வரிசையில் நின்றன. எதையும் மறைக்காமல் பேசினார். எதையும் நம்பாமலும் பேசினார்.

அலமாரியிலிருந்து வினாத்தாள் ஒன்றை எடுத்து முப்பத்தேழாவது கேள்வியில் விரலை வைத்தார். எழுத்துகள் சீராக, மை சரியாக, படிக்கச் சுகமாக இருந்தன. அவசரம் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. LAMP என்பதன் எண் 42 என்றால் BOOK என்பதன் எண் என்ன? தாளில் இருந்தது 42, 46 இல்லை.

"அவங்க நாப்பத்தாறுன்னு கதை சொன்னாங்களா?" என்றார் அதிகாரி. "எங்கிட்டயும் சொன்னாங்க. நாப்பத்தேழு வரணும்னா கேள்வியில நாப்பத்தாறு இருந்தாகணும். விடையை வச்சு கேள்வியை ஜோடிச்சிருக்காங்க. கெட்டிக்காரப் பொண்ணுதான், இல்லேங்கல."

தேர்வர்கள் கையிலிருந்த தாள்களைப் பார்க்க முடியுமா என்று நிதானம் கேட்டார். முடியாது, எழுதி முடித்ததும் வாங்கி அன்றே இயந்திரத்தில் போட்டு நறுக்கிவிட்டார்கள், அதுதான் விதி. கேள்வி தயாரித்தவரின் மூலப்பிரதி? அது முத்திரையோடு நேரே அச்சகத்துக்குப் போனது. அச்சு முடிந்ததும் அங்கேயே அழிக்கப்பட்டது, அதுவும் விதிதான். கேள்வி தயாரித்தவரையாவது விசாரித்தார்களா? விசாரித்தார்கள். உங்கள் விடை தவறு என்று எழுதியதற்கு அவர் அனுப்பிய பதிலை அதிகாரி எரிச்சலோடு நீட்டினார். மொத்தமே இரண்டு வாக்கியம். "என் விடை சரி. கேள்வியைப் பாருங்கள்."

"பாத்தோம். பாத்து என்ன பிரயோஜனம்? தப்பை ஒத்துக்க மனசில்ல அவருக்கு," என்றார் அதிகாரி.

நிதானம் அந்தக் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தாள்களை அறைகளுக்கு எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டார். அச்சகத்திலிருந்து முப்பத்தொரு கட்டுகள் வந்தன. கட்டுக்கு இருபது தாள், அறைக்கு ஒரு கட்டு. மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவெண் வரிசையில் கொடுத்தார்கள். கடைசி அறையில் பன்னிரண்டு பேர்தான் என்பதால் எட்டுத் தாள் மிஞ்சியது. தேர்வு முடிந்த உடனே அதிகாரியே தன் கையால் அவற்றை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. இப்போது காட்டிய தாள் அலுவலகப் பிரதி.

"முப்பத்தொரு கட்டுன்னா அறுநூத்து இருபதுதானே, அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?" என்று அவசரம் மடக்கினான்.

"கட்டுல சேராம அலுவலகத்துக்குன்னு மேலேயிருந்து தனியா ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. மொத்தம் அறுநூத்து இருபத்தொண்ணு," என்றார் அதிகாரி. கணக்கில் அவரை மடக்க முடியாது என்பது அவசரத்துக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை அச்சகம். நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கைத் துளைத்தது. அந்தப் பெண்ணின் அக்கா கணவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். ஒடிசலான மனிதர். வருகைப் பதிவேட்டில் அவசரம் தேதியைத் தப்பாக எழுதியதைப் பார்த்தவர், பேச்சை நிறுத்தாமலே அதை அடித்துச் சரியான தேதியைப் போட்டார். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பில்கூட இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது. தப்பைக் கண்டால் அவருடைய கை சும்மா இருக்காது.

ரகசிய அச்சு வேலை என்றால் என்ன விதி என்று நிதானம் விசாரித்தார். வெள்ளைத் தாளைக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும்; அழுக்கானது, மை கொட்டியது என்று எதையும் தூக்கிப் போட முடியாது. மூலப்பிரதியில் கமாவைத் தொடுவதாக இருந்தாலும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். மீறினால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலில் ஓடுகிற சில தாள்களில் மை கூடுதலாகத்தான் விழும், பிறகு சரியாகிவிடும். முதலில் அச்சானது அடியில் கிடக்கும். அடுத்தடுத்து வருவது அதன் மேல் மேல் விழும். கட்டுப் போடும்போது மேலேயிருந்து எண்ணுவார்கள்.

"அந்த வினாத்தாளைப் பத்தி மைத்துனிகிட்ட ஏதாவது சொன்னீங்களா?" என்று அவசரம் நேரடியாகவே கேட்டான்.

அவர் முகம் சிவந்தது. "என் பொண்ணுங்க தலையில கைவெச்சு சொல்றேன் சார். ஒரு மாசம் அவ எதிர்லயே உக்காந்து சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொல்லல."

அதில் பொய் தெரியவில்லை. ஆனால் விடைபெறும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மிச்சமான தாளையெல்லாம் வாரியத்தில் அழித்துவிட்டார்களா?

தெருவுக்கு வந்ததும் அவசரம் குதித்தான். ஆள் வியர்த்து வழிந்ததைப் பார்த்தீர்களா, இவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார், சந்தேகமே இல்லை என்றான்.

"அவர் கடைசியா கேட்டதை எழுதிக்கோ," என்றார் நிதானம். "மிச்சத் தாள்னு ஒண்ணு இருக்கறதைப் பத்தி நாம பேச்சே எடுக்கல."

வியாழக்கிழமை பதினோரு மணி. நீள மேஜை, ஆறு நாற்காலிகள், அதில் ஒன்று ஆடியது. அவசரத்துக்கு அதுதான் கிடைத்தது. அச்சகத்தின் சார்பில் பதில் சொல்ல அந்தப் பெண்ணின் மாமாவையே அனுப்பியிருந்தார்கள். மைத்துனிக்கு எதிரே உட்கார்ந்தவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அதிகாரி கோப்பைத் திறந்ததும் நிதானம் பேச அனுமதி கேட்டார்.

"மேடம், இந்தப் பொண்ணு சொன்ன கணக்குல தப்பே இல்ல. கேள்வியில நாப்பத்தாறு இருந்தா விடை நாப்பத்தேழு. கேள்வி தயாரிச்சவர் விடையும் நாப்பத்தேழு. ஒருத்தரை ஒருத்தர் பாக்காத ரெண்டு பேர் ஒரே கேள்வியைப் போட்டிருக்காங்க. மத்த எல்லாரும் வேற கேள்வியைப் போட்டிருக்காங்க. கேள்வியைப் பாருங்கன்னு அவர் எழுதினாரே, நீங்க பாத்தது அவர் எழுதின கேள்வி இல்ல."

அச்சு ஓட ஆரம்பித்தபோது வினாத்தாளில் இருந்தது 46 என்றார் அவர். சில தாள்கள் ஓடியதும் யாரோ இயந்திரத்தை நிறுத்தி அதை 42 ஆக்கியிருக்கிறார்கள். ஓடிய தாள்களைத் தூக்கிப் போட வழியில்லை; தாள் எண்ணிக்கை இடிக்கும். அவை அடியிலேயே கிடந்து கடைசிக் கட்டின் அடிப்பாகத்துக்குப் போயின. அந்தக் கட்டிலிருந்து பன்னிரண்டாவதாக எடுத்த தாள் கடைசி நாற்காலிக்கு வந்தது. மை கூடித் திட்டுத்திட்டாக இருந்தது என்று இந்தப் பெண் சொன்னதும் அதனால்தான்.

"அவங்க தாளுக்கு அடியில இருந்த எட்டுத் தாள் உங்க முத்திரையோட உங்க அலமாரியிலயே இருக்கு," என்று முடித்தார்.

அதிகாரி எழுந்து போய் உறையைக் கொண்டுவந்தார். அரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உடைத்தார். முதல் தாள், இரண்டாவது தாள் என்று எட்டையும் மேஜையில் பரப்பினார். எட்டிலும் மை அப்பியிருந்தது. எட்டிலும் LAMP-க்கு 46. அவசரம் தன் மச்சானைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பொறாமையும் நிறையப் பெருமையும் இருந்தன.

ஆனால் அதிகாரி சிரிக்கவில்லை.

"சரி, ஒத்துக்கறேன். ஒரே வேலைக்கு ரெண்டு வினாத்தாள் அச்சாயிருக்கு. ஆனா மாத்தினது யாரு, எதுக்கு? அது தெரியாம நான் குழுவுக்கு என்னன்னு எழுதறது? அச்சகத்துல யாரோ விளையாடியிருக்காங்க, அச்சகத்துல இவங்க சொந்தக்காரர் இருக்கார், வித்தியாசமான தாள் இவங்க கைக்கே வந்திருக்குன்னுதான் எழுதணும். அதைப் படிச்சா குழு இவங்க பேரை அடிக்கத்தான் செய்யும். மாத்தினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நிதானம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இல்லை என்பதுபோல மிக லேசாகத் தலையசைத்தாள். அவர் தன் குறிப்பேட்டை மூடி மேஜை மேல் வைத்தார்.

"நான் சொல்ல வந்தது அவ்வளவுதான் மேடம்," என்றார்.

அவசரத்துக்கு ஆத்திரமாக வந்தது. கரை சேர இன்னும் ஒரு முழம்தான், இந்த மனுஷன் ஏன் துடுப்பைக் கீழே போடுகிறார்? வாயைத் திறக்கப் போனவனின் காலை மேஜைக்கு அடியில் ஒரு செருப்பு மிதித்தது. அதிகாரி பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"நான்தான் மாத்தினேன்," என்றார் எதிரே இருந்தவர்.

எழுந்து நின்றுகொண்டார். கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. ஒன்பது தாள் ஓடியிருந்தபோது கண்ணில் பட்டது என்றார். LAMP கூட்டினால் 42 வருகிறது, 46 என்று இருக்கிறதே, தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிட்டார். எத்தனையோ பயிற்சிப் புத்தகங்களுக்கு அவர் புரூப் பார்த்திருந்தார். அத்தனையிலும் இப்படிக் கேள்வி வந்தால் சும்மா கூட்டுவதுதான். நாலு எழுத்துக்கு நாலு சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அனுமதி கேட்க நேரம் இல்லை. அச்சுத் தட்டில் கறை என்று இயந்திரக்காரரிடம் சொல்லி, எண்ணைத் திருத்திய வேறு தட்டு போடச் செய்தார்.

"இவளும் எழுதறான்னு தெரியும் மேடம். தப்பான கேள்விக்கு இவளுக்கு ஒரு மார்க் போயிடக் கூடாதேன்னு நினைச்சேன். சொல்லித் தரத்தான் கூடாது, கேள்வியை ஒழுங்கா குடுக்கலாம் இல்லையான்னு நினைச்சேன். கடிதம் வந்தப்பவே புரிஞ்சுபோச்சு. சொல்ல தைரியம் வரல. வேலை போயிடும்னு பயந்தேன்."

இதை எழுதிக் கொடுத்தால் ஒரு நகல் அச்சகத்துக்குப் போகும், தெரியுமா என்று அதிகாரி கேட்டார். குரல் முன்பு போல் கறாராக இல்லை. தெரியும் என்றார் அவர். தாளை வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 43 எழுதியவர்களுக்கும் ஒரு மதிப்பெண் சேர்க்க உத்தரவு போடுவதாக அதிகாரி சொன்னார். அடுத்த நிலையில் இருந்தவர் தொண்ணூற்றேழு, சேர்த்தாலும் தொண்ணூற்றெட்டுதான். வேலை இந்தப் பெண்ணுக்கே.

நடைபாதையில் அவள் மாமாவுக்காகக் காத்து நின்றாள். அவர் வெளியே வந்ததும் நேராக முகத்தைப் பார்த்தாள்.

"பதினோரு நாள், மாமா. அக்கா சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து அழுதா. நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

"ஆமா," என்றார் அவர்.

"இன்னிக்கு என்னால உங்களோட பேச முடியாது. நாளைக்குப் பேசறேன்." சொல்லிவிட்டு நடந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே பேருந்து. அவர் நாலடி பின்னால் நடந்தார். வாசலில் அவள் நின்று அவர் வரட்டும் என்று காத்திருந்ததை மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இருவரும் கவனித்தார்கள்.

"மச்சான், எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றான் அவசரம். "மாத்தினது அவர்தான்னு உங்களுக்கு செவ்வாய்க்கிழமையே தெரியும். அந்தப் பொண்ணோட வாழ்க்கையே போக இருந்துச்சு. கேட்டப்ப ஏன் வாயை மூடிக்கிட்டீங்க?"

நிதானம் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். எழுந்திருக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"நேத்து அவங்ககிட்ட விஷயத்தைச் சொன்னேன். எட்டுத் தாளை மட்டும் காட்டுங்க சார், மாமா பேரு வேண்டாம், அது போதலைன்னா என் பேரை அடிச்சுட்டுப் போகட்டும்னாங்க. அக்காவுக்கும் ரெண்டு பொண்ணுங்களுக்கும் அவர் வேலைதான் சோறுன்னாங்க."

அவசரம் தெருவைப் பார்த்தான். அவர்கள் இருவரும் திருப்பத்தைத் தாண்டியிருந்தார்கள்.

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் நிதானம். "நீ போய் சொல்லித் தொலைக்காதே."